ஏலக்காய்த் தேத்தண்ணியும் அதைத் துப்பியவரும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் நான் போட்ட தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சி, பக்கத்தில் இருந்த பூச்சாடிக்குள் துப்பினார். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் நம்புவதில்லை. கோபத்தில் கூட்டிச் சொல்கிறாள் என்கிறார்கள். கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்காகத் துப்பாத மனிதரைத் துப்பினார் என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

அப்போது நாங்கள் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். நாடு வெள்ளைக்காரன் கையை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தை நடத்திய எங்கள் பெரிய தொரை மட்டும் இன்னும் வெள்ளைக்காரராகவே இருந்தார். அப்பா தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர். ஆஸ்பத்திரி என்று பெயர், இரண்டு அறையும் நோயாளிகள் உட்கார ஒரு நீள வாங்கும்தான். ஆனாலும் சனங்கள் அவரை டொக்டர் ஐயா என்றே கூப்பிட்டார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்பு அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அட்டைக்கடி புண்ணாகி மருந்துக்கு வந்தவருக்கு அப்பா மாதக்கணக்கில் கட்டுப் போட்டாராம். புண் எப்போதோ ஆறிவிட்டது என்பது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் பொறாமைப்படுவார்கள். காலையும் மாலையும் முதல் தரத் தேத்தண்ணியாகக் குடித்து வளர்ந்திருப்போம் என்று நினைப்பு. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எல்லாம் பெட்டியில் அடைபட்டு ரயிலேறி, கொழும்பில் கப்பலேறிப் போய்விடும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கடைசியாகக் கூட்டி அள்ளியதுதான் எங்களுக்கு. தூள், காம்பு, நார், இன்னும் பெயர் தெரியாத சிலது. கொதிக்க வைத்தால் கறுப்பாக வரும். கசக்கும். குடித்து முடித்தபின் நாக்கில் சாக்கு வாசம் நிற்கும். உத்தியோகத்தர் வீடுகளுக்கு வருவது கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள்; அதாவது நார் சற்றுக் குறைவு. லயத்துச் சனங்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு இந்தச் சாயத் தண்ணியை மடமடவென்று இறக்குவார்கள். ருசி பார்க்க நின்றால் இறங்காது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தச் சாயத் தண்ணியோடு சண்டை. அதைத் திருத்த முடியாது, அலங்காரமாவது பண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். முதலில் இஞ்சி, அது எல்லார் வீட்டிலும் உண்டு. பிறகு ஏலக்காய், கறுவாப்பட்டை, கராம்பு. அப்புறம் கை பழங்கள் பக்கம் போனது. ஆரஞ்சு மாதிரியான தோடம்பழத்தின் தோலை அடுப்புக்கு மேலே காயவைத்து நொறுக்கி, தூளோடு கலந்து டின்னில் மூடிவைத்தால் ஒரு வாரத்தில் சாக்கு வாசம் அடங்கிவிடும். மூடியைத் திறக்கும்போது வருகிற வாசனைக்கே பாதித் தாகம் தீரும். அன்னாசித் தோலையும் இஞ்சியையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் தூளைப் போட்டால் தொண்டைக்குள் ஒரு இனிப்புக் காரம் இறங்கும். மழைக்காலத்தில், வெளியே பத்தடி தூரம்கூடத் தெரியாமல் மூட்டம் மூடியிருக்கும்போது, அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சுகத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

எல்லாம் அப்படி அமையவில்லை. பேஷன் பழச்சாறு விட்டதும் பால் திரிந்து போனது. மரத்தக்காளி போட்ட தேத்தண்ணி நல்ல சிவப்பாக வந்தது, அப்பா கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது உள்ளுக்குக் குடிக்கவா, புண்ணுக்குப் பூசவா?" என்று கேட்டார். பேரிக்காய் ஒரு வாசமும் தரவில்லை, இருந்த கசப்பையும் வழவழப்பாக்கியது. வெளியில் தெரிந்து பெயர் கெட்டது சாதிக்காயால்தான். பக்கத்துக் குவாட்டர்ஸ் கணக்கப்பிள்ளை ஒரு சாயங்காலம் சாதிக்காய்த் தேத்தண்ணியை ருசித்து, இன்னொன்று, இன்னொன்று என்று வாங்கிக் குடித்தார். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், பெயர் கூப்பிட அவர் இல்லை. கதவைத் தட்டி எழுப்பியும் எழும்பவில்லையாம். சாதிக்காய் தூக்கம் கொடுக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும், அவரைத்தான் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை வீட்டம்மா நான் எதைக் கொடுத்தாலும் முதலில் பூனைக்கு வைத்துப் பார்த்தார்.

அப்பா என் தேத்தண்ணிகளை மருந்துக் கலவை போலத்தான் நடத்துவார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார், குலுக்கிவிட்டுக் குடிப்பார். ஆனாலும் மிச்சம் வைக்க மாட்டார். அம்மாவிடம்தான் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால், "சூடா இருந்துச்சு" என்பார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க நான் தட்டிப் போட்ட ஏலக்காயைச் சேர்த்து வைத்திருந்தால் ஹட்டன் பஜாரில் ஒரு கடை போட்டிருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஸ்டோருக்கு வட்டகொடைப் பக்கத்திலிருந்து தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கிற ஒரு புது உதவி டீமேக்கர் மாற்றலாகி வந்தார். வந்த வாரமே பெயர் எடுத்தார், கெட்ட பெயர். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பூ வைத்துக்கொண்டோ வெற்றிலை போட்டுக்கொண்டோ உள்ளே போகக் கூடாது என்பது எல்லா ஸ்டோரிலும் உள்ள சட்டம்தான். இவர் அதற்கும் மேலே போனார். தூள் சலிக்கிற பெண்களை வாசலில் நிறுத்தி, முகர்ந்து பார்க்காத குறையாக உள்ளே விட்டார். வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்த ஒருத்தியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவரை அடுப்புக்கு விறகு தள்ளப் போகச் சொன்னார். பெரிய டீமேக்கரே இவர் வருகிற சத்தம் கேட்டால் மூக்குப்பொடி டப்பாவை ஒளிப்பாராம்.

இவரைத்தான் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டம்மா எனக்கு மாப்பிள்ளையாகப் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் சேலை, தலைமுடி, எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் எல்லாம் ஏலக்காயும் கராம்புமாக மணத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் எனக்கு வயது ஏறிக்கொண்டு போனது. அதற்கு முன் வந்து பார்த்தவர்களில் ஒருவர் என் பல்லைக் குறை சொன்னார். ஒரு வீட்டார், அம்மா கூடை சுமந்தவர் என்பதைக் குறை சொன்னார்கள். என் பல்லைச் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. மற்றதைச் சொல்லியனுப்பியவர்கள் என் கையில் அகப்பட்டிருந்தால் பல்லோடு போயிருக்க மாட்டார்கள். அம்மா அன்று முழுக்கப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதனால் இந்தத் தடவை நடந்துவிட வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீமேக்கரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். நான் கதவிடுக்கில் பார்த்தேன். தூறலில் நனைந்திருந்தார். அக்காவின் குடையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரமாக நின்றதும் எழுந்து நின்று கும்பிட்டார். அதுவரை வந்த யாரும் அம்மாவுக்காக எழுந்ததில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒளிப்பானேன், அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அதனால்தான் அடுப்படிக்கு ஓடி, இருக்கிறதில் நல்லதாகப் போட்டேன். தோடம்பழத் தோல் ஊறிய தூள், ஏலக்காய், கராம்பு, ஒரு துண்டுக் கறுவா, விரல் நுனியில் மிளகு. டீமேக்கர் என்றால் ருசி தெரிந்தவர், அவருக்கு எதிலும் குறை வைக்கக் கூடாது என்று என் புத்தி போனது.

தட்டை நீட்டினேன், கோப்பையை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை, அவர் வாய்தான் பொறுப்பு என்று பிற்பாடு எல்லாரும் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். ஸ்டோரில் தினமும் காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்ப்பார்கள். சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் இருக்கிற தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். அவர் வருஷக்கணக்காக அதையே செய்தவர். கோப்பையில் தேத்தண்ணியைக் கண்டால் அந்த வாய்க்கு வேறு வழி தெரியாது. "ஸ்ஸ்ர்ர்ர்ப்" என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா ஓரடி பின்னால் போனார். அப்பா, நாக்கு வெந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார். வந்தவரோ கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பினார். இடது கை தானாகக் கீழே போய்த் துழாவியது. நாற்காலிக்குப் பக்கத்தில் பித்தளைச் சாடியில் காகிதப் பூ வைத்திருந்தோம். பூவை ஒதுக்கினார், துப்பினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணைத் திறக்காமலே, ஸ்டோரில் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல, "வாசம் ஏறிப்போச்சு," என்றார். "ஏலக்கா, கராம்பு, தோடம்பழத் தோலு. இந்தத் தூளத் தனியா எடுத்து வைங்க, நல்லதோட சேத்துறாதீங்க."

பிறகுதான் கண்ணைத் திறந்தார். எதிரே நான் தட்டோடு நின்றேன். அவருடைய காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆனது.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "டொக்டரய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரசம் வச்சுக் குடுத்தாலும் இப்பிடித்தான். கோயில்ல தீர்த்தம் குடுக்கிறப்ப நான் பக்கத்துல நின்னு இவன் தோளப் புடிச்சுக்குவேன்."

பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்த விஷயம்தான். "அது உங்க ஸ்டோருத் தூளுதாங்க," என்றேன். "நல்லதெல்லாம் பெட்டியில அடைச்சு அனுப்பிட்டு, கூட்டி அள்ளுனத எங்களுக்குக் குடுக்கிறீங்க. அது செத்துப்போய்த்தான் வீட்டுக்கு வருது. செத்ததுக்குப் பூவும் சந்தனமும் போடணும்ல, அதான் நான் ஏலக்கா போட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த வாயை நம்பாமல் அக்கா அவரை முழங்கையில் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா சாடியைக் கழுவப் பின்பக்கம் கொண்டுபோனார். காகிதப் பூவின் சிவப்பு கரைந்து அம்மாவின் விரலில் ஒட்டியது. "இனி அந்தப் பூவுக்கும் வாசம் இருக்கும்," என்றார் அப்பா. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த வாரமே கிளாக்கர் வீட்டம்மா வந்து, "மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்காம். பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க," என்றார். துப்பியவருக்குப் பிடித்திருக்கிறதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அகப்பையைக் கழுவாமலே மாட்டிவிட்டேன். பதில் என் கையில் இருந்தது. அதற்கு முன் எல்லாரும் எங்களைப் பற்றிப் பதில் சொன்னார்கள், இந்தத் தடவை நான் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லக் காரணம் நிறைய இருந்தது. அந்த வீட்டில் ஏலக்காய் இருக்காது, கராம்பு இருக்காது. தலையில் பூ வைத்தால் மனிதர் ஜன்னலைத் திறப்பார். ஆயுசு முழுக்கச் சுடுசோறும் வெறும் சாயத் தண்ணியும்தான். சரி என்று சொல்ல ஒரே ஒரு காரணம், அவர் அம்மாவுக்காக எழுந்து நின்றார். நான் அம்மியில் அரைக்கும்போது வேண்டாம் என்பதற்கான வார்த்தைகளைத் தயார்பண்ணுவேன். நல்ல வார்த்தைகள், கேட்டால் காது அவிந்துபோகும். அரைத்து முடித்து அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. "ஒனக்கு எது சரியோ அதச் சொல்லு," என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை.

அடுத்த ஞாயிறு காலையில் அப்பாவுக்குக் கட்டுத்துணி கிழித்துக் கொடுக்க ஆஸ்பத்திரியில் இருந்தேன். வெளி வாங்கில் இருமலோடு ஒரு கிழவியும் காலில் முள் குத்திய ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இவர், மடியில் ஒரு டின்னோடு. நேராக உள்ளே வந்திருக்கலாம். வரிசையில் உட்கார்ந்து தன் முறை வரும்வரை காத்திருந்தார். முறை வந்தது. அப்பா குனிந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டே, வழக்கம்போல, "நாக்க நீட்டுங்க," என்றார். இவரும் நீட்டினார்.

அப்பா நிமிர்ந்த பிறகுதான் யார் நாக்கு என்று பார்த்தார். தொடங்கிவிட்டதைப் பாதியில் விட முடியவில்லை போலிருக்கிறது. தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்கு," என்றார். "என்னா வருத்தம், காய்ச்சலா?"

"வருத்தம் ஒன்னும் இல்லீங்க. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல," என்று அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். கிழவி இருமலை நிறுத்திக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

அவர் டின்னை என்னிடம் நீட்டினார். "இந்தக் குளிர் காத்துல செஞ்ச தேயிலைங்க, இப்பதான் வாசம் நல்லா எறங்கும். கப்பலுக்குப் போறது. பெரிய தொரைகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"என்னான்னு சொல்லிக் கேட்டீங்க?"

"நடந்தத அப்பிடியே சொன்னேன். தொரை ருசி பாத்துக்கிட்டு இருந்தாரு. சிரிப்பு வந்து, வாயில இருந்தத என் சட்டை மேலயே துப்பிட்டாரு. அப்புறம் இதக் குடுத்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனோம். தண்ணீர் புதிதாகக் கொதிக்க வேண்டும், கொதித்ததையே திரும்பக் கொதிக்க வைக்கக் கூடாது, தூளைப் போட்டுக் கொதிக்க விடக் கூடாது, ஊற்றி மூடிவைக்க வேண்டும் என்று அடுப்படி வாசலில் நின்று சட்டம் சொன்னார். பால் வேண்டாம், சீனி வேண்டாம். "வேற எதுவும் வேண்டாங்க," என்று சொல்லும்போது மட்டும் என் ஏலக்காய் டப்பாவைப் பார்த்தார்.

"இதத் துப்பணுமா, முழுங்கலாமா?" என்று கேட்டேன்.

"முழுங்கலாங்க." கொஞ்சம் யோசித்தார். "நான் முழுங்கினது இல்ல. வீட்ல சுடுதண்ணிதான் குடிப்பேன்."

மூடியைத் திறந்து அவரே ஊற்றினார். சாயம் கறுப்பாக இல்லை. காலை வெயில் பட்ட செம்பு போல இருந்தது. அம்மா எப்போதும் எல்லாரும் குடித்தபின் கேத்தலில் மிஞ்சியதை நின்ற நிலையில் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு டீமேக்கர் முதல் கோப்பையை அம்மாவிடம் கொடுத்து, "உக்காந்து குடிங்கம்மா, ஆறவிடாதீங்க," என்றார். சொன்ன விதம் ஸ்டோரில் வேலை சொல்வது போல இருந்ததால் அம்மா உட்கார்ந்துவிட்டார்.

நானும் ஒரு வாய் குடித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் குடித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் எனக்குக் கோபம் வந்தது. நாக்கில் ஒரு சுறுசுறுப்பு, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பூவின் வாசம், விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது. அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல என்னா போட்ட?"

"ஒன்னும் போடலம்மா."

"பொய் சொல்லாத. தோடம்பூவா? ரோசாப்பூவா?"

"வெறும் தேயிலைதாங்கம்மா," என்றார் அவர்.

அம்மா இன்னொரு வாய் குடித்தார். பிறகு தன் உள்ளங்கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "கொழுந்து பறிச்சிட்டு வந்தா சாயங்காலம் கையில ஒரு வாசம் இருக்கும். கழுவுனாலும் போகாது. அதுதான் இது," என்றார். எத்தனை வருஷம் அந்தக் கையால் பறித்திருப்பார். பறித்ததை ருசி பார்க்க ஒரு வெள்ளைக்காரர் சிரித்து ஒரு டின் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க எந்தெந்த மரத்துத் தோலையோ காயவைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்தால் அது சண்டையாகத்தான் வெளியே வரும். அவர் பக்கம் திரும்பினேன். "நான் ஒன்னு கேக்கணும். உங்க வீட்டு அடுப்படியில நான் ஏலக்கா வச்சுக்கலாமா?"

வேறு யாராவது என்றால் அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பார்கள். இவர் மனக்கஷ்டத்தோடு யோசித்தார். "முடியாதுங்க. சட்டையில ஏறி ஸ்டோருக்குள்ள வந்துரும்."

"சரி. அம்மாவுக்கு இந்தத் தேயிலை மாசாமாசம் கெடைக்குமா?"

"அதுவும் என் கையில இல்லீங்க. இந்த ஒரு டின்னுதான்."

இரண்டு கேள்வி, இரண்டுக்கும் இல்லை. அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினார். நான் தயார்பண்ணி வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினேன். ஒன்றும் சரியாக நினைவுக்கு வரவில்லை.

அம்மா அதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார். விறகு பொறுக்கிக்கொண்டு லயத்துப் பெண்கள் சிலர் குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள், அம்மாவோடு ஒரே மலையில் நிரை பிடித்துப் பறித்தவர்கள். "வாங்கடி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க," என்று கூப்பிட்டார். விறகைப் போட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் இருந்த கோப்பை, கிளாஸ், மருந்து ஊற்றுகிற பீங்கான் வரை எல்லாவற்றிலும் ஊற்றிக் கொடுத்தோம். டின் பாதியாகியது. அவர் தடுக்கவில்லை, தண்ணீர் கொதித்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஒருத்தி குடித்துவிட்டு, "என்னா டொக்டரம்மா, இதுல என்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள். அடுத்தவளும் அதையே கேட்டாள்.

"ஒன்னும் போடல," என்றார் அம்மா. "நம்ம பறிச்சதுதான்."

தன் கோப்பையோடு அவர்கள் நடுவில் மறுபடி உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார்கள். மடமடவென்று யாரும் இறக்கவில்லை. அவர்களில் மூத்தவள், யாருக்கும் பயப்படாதவள், கடைசிச் சொட்டு வரை குடித்து, உதட்டைச் சப்பிப் பார்த்து, தீர்ப்புச் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஒரு ஏலக்கா தட்டிப் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பெண்களை வாசலில் நிறுத்தியவர், சவர்க்காரத்தை மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பியவர். நானும் பார்த்தேன். அவர் டின்னைப் பார்த்தார், என் ஏலக்காய் டப்பாவைப் பார்த்தார்.

"போடுங்க," என்றார் என்னிடம். "அவங்க பறிச்சதுங்க. அவங்க இஷ்டப்படி குடிக்கட்டும்."

நான் அடுப்படிக்குள் போய் ஏலக்காயைத் தட்டினேன். தட்டின வேகத்தில் ஒன்று தெறித்து அடுப்புக்குள் போனது. அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட சரின்னு சொல்லிருங்க," என்றேன்.

மூன்று வருஷமாக அந்தச் சொல்லுக்காகக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தவர் அம்மா. அவர் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இருடி," என்றார். "இதக் குடிச்சு முடிச்சிடறேன்."